செவுள் வெளிறிய தங்கமீன்

என் கணவர் வல்வெட்டித்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். படகு எஞ்சின் திருத்துவது அவருடைய வேலை. எவ்வளவு பெரிய பாரை மீனையும் கண் இமைக்காமல் வெட்டித் துண்டு போடுவார். நான் தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டம் செய்யும் குடும்பம், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், மீன் சாப்பிடுவதில்லை. ஆனாலும் எங்கள் விறாந்தையில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்ப்பவர் அவர்தான். மத்தியானம் மீன்குழம்பு என்றால் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிடுவார்.

போன வருடம் யாழ்ப்பாண ரவுனிலிருந்து இரண்டு புது மீன்கள் வாங்கி வந்தார். வந்த கையோடு பையிலிருந்த தண்ணீரோடேயே தொட்டிக்குள் ஊற்றிவிட்டார். இரண்டு கிழமை போயிருக்கும். எல்லாவற்றிலும் மூத்த மீன், ஐந்து வருடமாக எங்களோடு இருப்பது, கல்லில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கியது. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் கையை நனைத்து அதைத் தூக்கி, சந்தையில் பார்ப்பதுபோல நகத்தால் செவுள் மூடியை மெல்ல விலக்கினார்.

"வெளிறிப் போச்சு. சந்தையிலை இப்பிடிக் கண்டால் வாங்கமாட்டன்."

சொன்னாரே தவிர, சிரிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டு ஆய்வுகூடப் பூட்டின் திறப்பை வாங்கினேன். ஸ்கூட்டியை நான் ஓட்ட, பின்னால் அவர் மீன் வாளியை மடியில் அணைத்தபடி இருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மெதுவாப் போம்," என்றார். செவுளோரத்துச் சளியில் கொஞ்சம் வழித்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நூல் துண்டு போல ஒரு புழு, ஒரு முனையால் பற்றிக்கொண்டு மறு முனையை நீட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சை வந்து பாருங்கோ. செவுளிலை ஒட்டியிருக்கிற புழு. அதாலைதான் மீன் மூச்சு விடேலாமல் இருக்கு."

அவர் கனநேரம் குனிந்து பார்த்தார். "புதுசுகளோடை வந்திருக்கு. நான்தான் கொண்டு வந்து விட்டனான்," என்றார்.

மீன் விற்கும் கடையில் புழு மருந்து கிடைத்தது. தொட்டி எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று தெரியாததால், தண்ணீரை வாளி வாளியாக அளந்து மாற்றிய பிறகுதான் மருந்தைக் கலந்தோம். புழுவின் முட்டை சாகாது, ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் போடவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் முறை மருந்து போட்ட அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. காற்றுக் குமிழி நின்றது. மீன்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. அவர் ஒரு கைபிடி யக்கினால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். ஒரு மணித்தியாலமாயிற்று. தோள் நோவது முகத்தில் தெரிந்தது.

"தாங்கோ, நான் ஊத்திறன். ஒரு மீனுக்கு ஏன் இப்பிடிப் பதறுறியள்?"

யக்கைத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். தோளை நீவிக்கொண்டு சொன்னார்.

"அம்மாவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். நான் சின்னனிலை பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருப்பன். அவவும் இப்பிடித்தான், வாயைத் திறந்துகொண்டு. என்னாலை ஒண்டும் செய்யேலாது. முதுகைத் தடவிக்கொண்டிருப்பன்."

கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். மாமி நாங்கள் முடிக்க முதலே தவறிவிட்டார். தொய்வு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்திலிருந்து முதுகைத் தடவிய அந்தப் பிள்ளையைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. தொடர்ந்து ஊற்றினேன். ஒரு மணிக்குக் கரண்ட் வரும்வரை மாறி மாறி ஊற்றினோம்.

புது மீன்களில் ஒன்று, அடுத்த இரண்டு நாளில் செத்துப்போனது. மூத்தது மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் சாப்பிடத் தொடங்கியது. ஒரு பக்கச் செவுள் மூடி இன்றைக்கும் சரியாகப் பொருந்தாமல் சற்றுத் தூக்கியபடி இருக்கிறது. மற்றபடி சுகம்.

இப்போது புது மீன் வந்தால் ஒரு மாதம் குளியலறையில் பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் தனியே இருக்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகும் அவசரத்தில் அதைத் தாண்டித்தான் நான் குளிக்கவேண்டும். சவர்க்கார நுரை தெறிக்கக்கூடாது என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருப்பார். "ஓம், ஓம்," என்று சொல்லிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்று குளிக்கிறேன்.