காலிக் குடங்களும் என் எட்டும்

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் ஜெபக் குழுவின் வாட்சப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘ஒரு சகோதரரின் சொல்லப்படாத விண்ணப்பத்துக்காக ஜெபியுங்கள்.’ நான் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் இருபத்தேழு கும்பிட்ட கைகள். அதில் ஒன்று என்னுடையது. பிரஷ் பிடித்த கையாலேயே போட்டேன்.

சொல்லப்படாத விண்ணப்பம் என்று யாராவது சொன்னால் எனக்கு முழங்கால் எரியும். ஜெபித்து ஜெபித்துத் தேய்ந்த முழங்கால் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. இது தார் ரோட்டில் தேய்ந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் டை, கையில் பை, மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை டாக்டர்களின் வாசலில் காத்துக்கிடக்கிற உத்தியோகம். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு மாதத்துக்குள் பைக் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த டை வேறு கழுத்துக்குப் போய்விடும்.

லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு போட வேண்டும். எட்டு மாதிரி வளைத்து வளைத்து வண்டியை ஓட்டி, கால் தரையில் படாமல் வெளியே வர வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முதல் தடவை நான் போட்ட எட்டு, மூன்றாக முடிந்தது. இரண்டாம் தடவை பூஜ்யம். மூன்றாம் தடவை நான் போட்டது எந்த பாஷை எழுத்து என்று இன்றுவரை தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

இதை வெளியே சொல்ல முடியுமா? அதுவும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில்? அங்கே நான் எப்பேர்ப்பட்ட ஆள்!

அந்தக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே பாய், அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்கு போண்டா வாசனை. அந்த வாசனையை எதிர்த்து ஜெபிப்பது லேசுப்பட்ட ஆவிக்குரிய போராட்டம் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஜெயிப்பேன். “மகா உன்னதத்தில் வாசம்பண்ணுகிறவரே, ஏழு சமுத்திரங்களுக்கும் எல்லை குறித்தவரே” என்று எடுத்தேன் என்றால், அங்கிருந்து மந்தைவெளிக்கு இறங்கி வர கால்மணி நேரமாகும். போண்டா ஜில்லென்று ஆகியிருக்கும். நடுவில் லேசாக ஒரு கண்ணைத் திறந்து, யாருக்காவது கண் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கலங்கியிருக்கும். கொட்டாவி விட்டாலும் கண் கலங்கும் என்று பிற்பாடுதான் உறைத்தது.

கதவோரம் எஸ்தரக்கா உட்காருவார். இரண்டு வீட்டில் சமையல் வேலை முடித்துவிட்டு நேராக வருவார். அடையாற்றங்கரையில் குடிசை. அவர் முறை வந்தால் ஒரே வரி.

“ஏசப்பா, எங்க தெரு கொழாயில தண்ணி வரணும். ஆமென்.”

வாராவாரம் அதே வரிதான். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. குழாய் நட்டு ஒரு வருஷமாகியும் அதில் காற்றுதான் வந்ததாம். இந்த அக்காவுக்கு ஜெபிக்கத் தெரியவில்லையே, ஒரு வகுப்பு எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். எடுத்திருந்தால் என் முகத்தை நானே இப்போது கண்ணாடியில் பார்க்க முடியாது.

கூட்டத்தை நடத்துகிறவர் தங்கராஜ் அண்ணன், திருநெல்வேலிக்காரர். விண்ணப்பங்களையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி, பதில் கிடைத்ததும் டிக் போடுவார். நான் அவரிடம், “சொல்லப்படாத விண்ணப்பம்னு போட்டுக்குங்கண்ணே” என்றேன். அப்படிப் போட்டுவிட்டால் யாரும் துருவிக் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குள் முறை. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் யூகித்தார்கள்.

யூகிக்க வசதியாக நானும், நண்பனின் பைக்கில் பழகி விழுந்த காயங்களோடு வந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் முழங்கை, மறுவாரம் முழங்கால், அதற்கடுத்த வாரம் தாடையில் பிளாஸ்திரி. எனக்கு மட்டும் காபிக்குப் பதில் மோர் வந்தது. அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கராஜ் அண்ணன் என் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, இந்தத் தம்பியப் பிடிச்சிருக்க குடிப்பழக்கத்த இன்னைக்கே ஒடச்சிப் போடும்!” என்று முழங்கினார். வீடே அதிர “ஆமென்!” பழக்கதோஷம், நானும் சத்தமாக ஆமென் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

“அண்ணே, நான் குடிக்கலண்ணே!”

“எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்லுதாவ. வாரம் ஒரு எடத்துல விழுந்து எந்திரிச்சு வாறியே, நாங்க பாக்கலியா?”

வேறு வழியில்லை. “எட்டு போட வரலண்ணே. மூணு தடவ ஃபெயிலு. இன்னும் நாலு வாரத்துல லைசென்ஸ் காட்டலன்னா வேலை போயிடும்.”

அடுப்படியில் யாரோ களுக்கென்று சிரிக்க, வீடே சிரித்தது. ஏழு சமுத்திரங்களும் வற்றி நான் நடுத்தரையில் நின்றேன்.

“அய்ய, இத்த சொல்ல இன்னா தம்பி வெக்கம்?” என்றார் எஸ்தரக்கா. கண்ணை மூடினார். “ஏசப்பா, இந்தத் தம்பி காலு கீழ படாம வண்டி ஓட்டணும். ஆமென்.”

அன்றைக்குத்தான் முதன்முதலாக போண்டா சூடாக இருந்தது.

இதோடு வெற்றி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் நான்காம் தடவையாக ஃபெயில். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு எஸ்தரக்காவிடம், “கேட்டாச்சேக்கா, ஒண்ணும் நடக்கலியே” என்றேன், என்னவோ அவர்தான் இன்ஸ்பெக்டர் என்பது போல.

“நான் ஒரு வருசமா கேட்டுக்கினு கீறேன். நீ ஒரே வாரம் கேட்டுட்டு மூஞ்சத் தூக்கிக்கினு கீற. நாளிக்கு சாயங்காலம் வண்டிய எட்துக்கினு எங்க தெருவாண்ட வா.”

போனேன். தண்ணீர் வராத குழாயடியில் பச்சை, சிவப்பு, நீலம் என்று காலிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அக்கா அவற்றை எடுத்து இரண்டு வட்டமாக அடுக்கினார். “உம், சுத்து!” சுற்றினேன். தெருப் பிள்ளைகள் மொத்தமும் கூடி, “கால் வெச்சிட்டாரு! டை மாமா கால் வெச்சிட்டாரு!” என்று கத்தின. அந்த இன்ஸ்பெக்டர் இவர்களோடு ஒப்பிட்டால் தயாளன். ஒரு குடத்தை இடித்தால் போதும், ஒரு வீட்டுக் கதவு திறக்கும். “யோவ் டை! கொடம் ஒடஞ்சா நீதான்யா வாங்கித் தரணும்!”

இரண்டு வாரம் தினமும் போனேன். எட்டு கொஞ்சம் கொஞ்சமாக எட்டு மாதிரி ஆனது. ஆனாலும் கடைசி வளைவில் கால் இறங்கிவிடும். கெடுவுக்கு முந்தின கடைசி டெஸ்ட் மறுநாள். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஒரு குடம்கூட இல்லை. குழாயடியில் ஒரே கூச்சல். நனைந்த புடவையோடு எஸ்தரக்கா ஓடி வந்தார்.

“தம்பி! தண்ணி வந்துட்ச்சு!”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குடம் எப்பக்கா காலியாகும்?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “ஒரு வருசம் கேட்டு இப்பத்தான் ரொம்பினு கீது. காலியாவணுமாமே!”

எனக்குச் சுருக்கென்றது. என் காலுக்காக அந்த அக்கா வாராவாரம் கேட்டார். அவர் குழாய்க்காக நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. என் ஜெபத்தில் ஏழு சமுத்திரங்கள் இருந்தன. ஒரு தெருக்குழாய்க்கு இடமில்லாமல் போயிற்று.

வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் குடம் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் பேன்ட்டில். அறைக்குத் திரும்பி, ஈரத்தோடு உட்கார்ந்து ஜெபித்தேன். “ஆண்டவரே, அக்கா தெருவுல தண்ணி வந்ததுக்கு நன்றி. நாளைக்கு என் கால். ஆமென்.” அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் கடைசி வளைவில் மனசுக்குள் பிள்ளைகள் கத்தத் தயாராக நின்றார்கள். கால் இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. வெள்ளிக்கிழமை தங்கராஜ் அண்ணன் நோட்டில் இரண்டு டிக் போட்டார். முதல் டிக் குழாய்க்கு.

இரண்டு வருஷம் கழித்து ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தார்கள். எஸ்தரக்கா அதே குடங்களோடு லாரியில் ஏறி ஊருக்கு வெளியே எங்கேயோ போனார். மூன்று பஸ் மாறிச் சில வெள்ளிக்கிழமைகள் வந்தார். அப்புறம் வரவில்லை. தங்கராஜ் அண்ணன் இப்போது இல்லை. நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் போனுக்குள் போய்விட்டது. போண்டா கிடையாது.

காலையில் அந்தக் கும்பிட்ட கையைப் போட்டபின் மனசு கேட்காமல், குழுவை நடத்துகிறவரிடம் அந்தச் சகோதரரின் நம்பரை வாங்கி எழுதினேன்: ‘என்ன விஷயம்னு சொல்லுங்க. சிரிக்க மாட்டேன்.’ அவரும் ஒரு கும்பிட்ட கையைத்தான் அனுப்பினார். பரவாயில்லை, நாளைக்கும் கேட்பேன்.

குழாய் இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலி. அந்தப் பக்கம் போனால் வேண்டுமென்றே வண்டியை ஒரு வட்டம் அடித்துத் திருப்புவேன். இந்த வயதில் பாதி வட்டத்திலேயே கால் தரையில் பட்டுவிடுகிறது. ஒரு நிமிஷம் காது கொடுத்து நிற்பேன். கத்துவதற்கு யாரும் இல்லை.