புளித்த செவலும் பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பும்

ஞானசௌந்தரி பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். அவள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. அரிந்தது, இடித்தது, கழுவியது எல்லாம் ஒரே அண்டாவில் விழும். குழம்புக்கு அதனால் பேர் கெட்டதில்லை. ஆனால் 1994 வைகாசியில் அதே கை அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் செவல் மண். மழைக்குக் குறைவில்லாத இடம்தான். அந்த மழையே மண்ணின் சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று வருடம் கடலை போட்டாள். செடி பச்சென்று நிற்கும், பிடுங்கினால் தோட்டுக்குள் பருப்பு இருக்காது. அத்தனையும் பொக்கு. அதிலும் பாதிப் பங்கு புருஷனின் அண்ணன் வேதநாயகத்துக்கு. கெட்ட மனுஷர் இல்லை, பொறுமைதான் கிடையாது.

"செங்கல் சூளைக்காரன் மண்ணு கேக்கான், சௌந்தரி. செத்த மண்ண வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற? இந்தத் தடவையும் பொக்குன்னா வெட்டிக் குடுத்துருவோம்" என்றார்.

"இந்த ஒரு வெள்ளாமை பொறுத்துக்கிடுங்க, அத்தான்."

சூளைக்குப் போன மண் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே ஒரு துணிப்பையில் மண்ணை அள்ளிக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் பஸ் ஏறினாள். பிறகு வந்த அட்டையில், மண்ணில் அமிலம் அதிகம், சுண்ணாம்பும் எருவும் இடவும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. மண் புளித்துப்போயிருக்கிறது, அவ்வளவுதானே? சமையல்காரிக்கு இது புரியாதா? ஒரே வரியில் இருந்ததால் ஒரே அண்டா என்றும் புரிந்துகொண்டாள்.

எருவுக்காக, ஆட்டுக்காரர் சுடலைமாடன் தன் இருநூறு ஆடுகளை மூன்று ராத்திரி அந்த நிலத்தில் கிடை அடைத்தார். மண்ணெல்லாம் புழுக்கையும் மூத்திரமுமாக ஊறியது. நாலாம் நாள் காலையில் ஆடு வரப்பைத் தாண்டியதோ இல்லையோ, கடற்கரையிலிருந்து வரவழைத்த பன்னிரண்டு மூட்டைச் சிப்பிச் சுண்ணாம்பையும் இறைத்துக் கொத்திவிட்டாள். சற்று நேரத்தில் மண்ணிலிருந்து நெடி கிளம்பிக் கண்ணை எரித்தது. மறந்துபோன கம்பை எடுக்கத் திரும்பி வந்த சுடலைமாடன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னக்கா இப்படிச் செஞ்சிட்டிய? கெடை போட்ட எடத்துல சுண்ணாம்பு விழுந்தா சத்தெல்லாம் நெடியாப் பறந்துரும்லா. சுண்ணாம்பு மொதல்ல போடணும். ஒரு மாசம் கழிச்சுத்தான் கெடை."

சௌந்தரி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கையெல்லாம் சுண்ணாம்பு, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

"ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப வருவியளா, தம்பி?"

"சேரன்மகாதேவி வயக்காட்டுல வாக்குக் குடுத்திருக்கேன். வந்தாலும் இங்கன ஆட்டுக்குத் தண்ணி ஏது? வாய்க்கா காஞ்சு கெடக்கு."

"கெணத்துல கெடக்கு. நான் எறைச்சு ஊத்துதேன்."

"இருநூறு ஆட்டுக்கா?"

"முந்நூறு பிள்ளையளுக்கு எறைக்கேன்லா."

சுடலைமாடன் சிரித்துவிட்டார்; சேரன்மகாதேவியைத் தள்ளிவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சொன்னபடி ஆனிக் கடைசியில் கிடை வந்தது. மூன்று நாளும் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் கிணற்றடிக்கு ஓடினாள். கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு இறைத்தாள். ஆடியில் கடலை விதைத்தாள்.

ஐப்பசியில் வேதநாயகம் வந்தார். சூளைக்காரன் பதில் கேட்டு அனுப்பியிருந்தான். அவள் காட்டிய செடியை விட்டுவிட்டு, நட்ட நடுவில் ஒரு செடியைத் தானே பிடுங்கினார். ஒரு காயைக் கட்டைவிரலால் அழுத்தினார். போன வருடம் விரல் உள்ளே போன தோடு, இப்போது அமுங்கவில்லை. உடைத்தார்; உள்ளே திரட்சியாக இரண்டு பருப்பு. இன்னொரு செடி, பிறகு இன்னொன்று என்று பிடுங்கிக்கொண்டே போனார்.

கடைசியில் வேதநாயகம் ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றார். "சூளைக்காரன்ட்ட வேற எடம் பாக்கச் சொல்லிருதேன்."

"வடக்கு மூலையில இன்னும் பொக்கு இருக்கு, அத்தான். வார வருசம் சுண்ணாம்பு ஏத்த ஒங்க வண்டியத் தரணும்."

"தாரேன். சுடலைமாடன் எல்லாஞ் சொன்னான். மறுபடியும் ஒரே அண்டாவுல போட்டுக் கிண்டிராத."

சௌந்தரி சிரித்தாள். புருஷன் போனபின் அந்த நிலத்தில் நின்று அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.