தாத்தா பெயருக்கு ஓர் அர்ச்சனை

இறந்தவரின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவர் வாழ்கிறார் என்று பழைய எகிப்தியர்கள் நம்பினார்களாம். எனக்கு எட்டு வயதில் தாத்தா சொன்னது. அன்று பிடித்த எகிப்துப் பைத்தியம் இன்னும் விடவில்லை.

சாமி நம்பிக்கை இல்லாத நான், இன்று மயிலாப்பூரில் ஒரு சின்னக் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

"யார் பேருக்கு?"

"வேதாசலம்."

"நட்சத்திரம்?"

"தெரியலை. என் தாத்தா. போய் முப்பது வருஷமாச்சு."

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போனவா பேருக்குப் பண்றதில்லைமா. ஆத்துல இருக்கறவா பேரைச் சொல்லுங்கோ."

வீட்டில் இருப்பது நான் மட்டும். என் பெயரைச் சொன்னேன்.

தாத்தாவின் பெயரைச் சொல்லவும் நான் ஒருத்திதான் மிச்சம். இதைப் படிப்பவர்கள் ஒருமுறை 'வேதாசலம்' என்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.

வெறும் லைக் எகிப்தில் செல்லாது.