கிருஷ்ணவேணி அக்காவின் இங்கிலீஷ் ரோஜாக்கள்

சித்தூரிலிருந்து அஞ்சலட்டை வந்தது. கிருஷ்ணவேணி அக்கா போன வியாழக்கிழமை காலமானார் என்று அவருடைய தம்பி மகள் எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் அவரோடு இருந்தவர்களுக்கு அவரை மறந்திருக்காது. நர்ஸ் வேலை முடிந்து வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் ரோஜாப் புதர்களுக்குப் பக்கத்தில் குந்திவிடுவாரே, அவர்தான்.

அந்தப் புதர்கள், வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பியபோது விட்டுப்போனவை. கிண்ணம் போன்ற இளஞ்சிவப்புப் பூ, உள்ளே அடுக்கடுக்காய் இதழ்கள். சித்தூர் வெயில் அவற்றுக்கு ஆகாது. அக்கா மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டினார். வேரைச் சுற்றி வேர்க்கடலைத் தோல் பரப்பினார். காலையில் மட்டும், இலை நனையாமல் அடியில் தண்ணீர் விடுவார். ஒருமுறை அடியிலிருந்து கிளம்பிய கொழுத்த தளிரைக் காட்டி, "எவ்ளோ ஜோரா வருது பாருக்கா" என்றேன். மண்ணை விலக்கி அதை அடியோடு பிய்த்தெறிந்தார்.

"ஒட்டு போட்ட எடத்துக்குக் கீழ இருந்து வர்ற காட்டு ரோஜா இது. வுட்டா மேல இருக்கறதத் துன்னுடும்."

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்ற வழக்கு இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்று முடிவானதும், அதே ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் அங்கே மாற்றல் கேட்டார். சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழச்சியான அக்காவும் எங்களோடு வருவார் என்றிருந்தேன். அவரோ சித்தூரிலேயே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நம்ம பாஷை வேணாமாக்கா உனக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வலியில கத்தறவங்க தமிழா தெலுங்கான்னு பாத்துக்கினா நான் ஊசி போடறேன்?" என்றார். அதோடு பேச்சு நின்றது.

மூன்று மாதம் முகம் பாராமல் நடந்தோம். நாங்கள் சாமான் ஏற்றும் நாளில் அவர் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ரோஜாக் கன்று. கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு வேர்விட மூன்று மாதமாவது ஆகும். எங்கள் சண்டை நடந்த வாரத்திலேயே போட்டிருக்கிறார்.

"பத்திரமா எடுத்துக்கினு போ" என்றார். நான் அழுதேன்.

திருத்தணியில் அந்தக் கோடையே கன்று கருகிவிட்டது. அதை அக்காவுக்கு எழுத வெட்கமாக இருந்தது. துளிர்த்திருக்கிறது என்று எழுதினேன், பிறகு மொட்டு என்றேன், பிறகு பூ என்றேன். அந்தப் பூவைப் பார்க்க ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டார் அக்கா. வெறும் தொட்டியைத்தான் நான் காட்ட முடிந்தது.

"செத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுத இன்னாடி பயம்? நான் பாக்காத சாவா?" என்றார். கோபிக்கவில்லை. கடப்பாரை கேட்டு வாங்கி, காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பார்த்துக் குழி எடுத்தார். மழை முடிந்ததும் வேறொரு கன்றோடு வந்து நட்டார். அது பிழைத்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பூ மட்டுமல்ல. அன்று முதல் கெட்ட செய்தியை நான் யாருக்கும் ஒளிப்பதில்லை. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: அக்கா படுத்த படுக்கையாக இருந்தது இரண்டு மாதமாக எனக்குத் தெரியும். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டேன். போகவில்லை.