நூல் எட்டாத கால்

2006-ஆம் வருடம், தவக்காலத்தின் நான்காவது வாரம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கும் வேலையில் இருந்தேன். வயது முப்பத்தெட்டு. எடை எவ்வளவு என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏறி நின்ற மெஷின் எல்லாம் பாதியிலேயே கையை விரித்துவிடும்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அப்போதுதான் புரியும். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரிப்பார்கள். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பொம்மை மேல் ஒரு கோடு துருத்தி நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். காலையில் பலகையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம்.

அந்த மாதம் வந்ததெல்லாம் ஜோடி யானை ஆர்டர். ஜோடி என்றால் இரண்டும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். அதற்கு நாங்கள் ஸ்கேல் எல்லாம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு யானையின் வயிற்றைச் சுற்றி நூலைப் போட்டு, அதே நூலை அடுத்த யானைக்குச் சுற்றுவோம். முனையோடு முனை சேர்ந்தால் ஜோடி. சேராவிட்டால், அச்சைக் கட்டிய ரப்பர் தளர்ந்து பெரிய யானை மட்டும் ஊதியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பட்டறையில் அதற்கு ஒரு சொல் உண்டு: "ரெண்டும் பருத்தா கூழைப் பாரு, ஒண்ணு பருத்தா அச்சைப் பாரு."

யானைக்குப் பிசிறு எடுக்கும் பட்டறையில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? "யானையே யானைக்குப் பிசிறு எடுக்குதுடா" என்று சூளையில் அடுக்குகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் விட மாட்டேன். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன்னு, செத்தாலும் ஆயிரம் பொன்னு. நீ இருந்தா என்னா வெலை போவ, அதச் சொல்லு மொதல்ல" என்பேன். சிரிப்பு அவர்கள் பக்கம் திரும்பிவிடும். ஏழாவதோடு படிப்பு நின்றவள் நான். ஊரார் வாயில் வரும் சொலவடைகள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் குண்டானவர்களுக்கு நல்ல பாடமே கிடையாது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். எந்தச் சொலவடையைத் திருப்பினாலும் கடைசியில் என் வாயில்தான் வந்து நிற்கும்.

என் பக்கத்துப் பலகையில் பெண்ணாடம் பக்கத்துப் பெண் ஒருத்தி. உரித்த கரும்பு போல இருப்பாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட ஒரு பிடி சோறு கூடவே சாப்பிடுவாள். இருவரும் ஒன்றாகத்தான் டப்பாவைத் திறப்போம். அவள் சாப்பிடுவது யார் கண்ணிலும் படாது. நான் சாப்பிடுவது எல்லார் கண்ணிலும் படும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கேட்டார்: "இங்க துன்றது இவ்ளோதான்னா, அப்ப வூட்டுக்குப் போயி இன்னொரு பானை வடிப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம் போல என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லாமல், பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டேன். அடுத்த வாரம் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். நாற்பது நாளும் பகலில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை, ராத்திரி ஒரு வேளை கஞ்சி என்று எடுத்துக்கொண்டேன். ஆண்டவருக்காக என்று கோயிலில் சொன்னேன். பொய். அந்தப் பட்டறைக்காகத்தான். தண்ணீரும் பாதி நாள் குடிக்கவில்லை. பட்டறையின் பின்னால் இருந்த கழிப்பறைக் கதவு குறுகல். ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அதைப் பார்க்க எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். குடிக்காமல் இருந்தால் போக வேண்டியதில்லை பாருங்கள்.

மூன்று வாரம் போனது. ஜாக்கெட் கை கொஞ்சம் தளர்ந்தது. அவ்வளவுதான் ஆண்டவர் கொடுத்த கூலி.

நான்காவது வாரம் இடது கெண்டைக்காலில் வலி. முதலில் கொக்கி போட்டு இழுப்பது போல, பிறகு காலுக்குள் அடுப்பு வைத்தது போல. வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் முழங்கால் போட முடியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் யாரோ, "ஒடம்பு வணங்கினாதானே" என்றார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அப்படித்தான் நினைத்தேன். கொழுப்பு வலிக்கிறது, நட, நடந்தால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வீட்டிலிருந்து பட்டறைக்கு ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். அந்த வாரம் திங்கள் முதல் ஐந்து நாள். வெளியே எல்லாருக்கும் வாய் கொடுத்த நான், உள்ளுக்குள் அவர்கள் கட்சியில்தான் இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில், இடது காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். பெண்ணாடத்துக்காரி கையில் யானை அளக்கும் நூல்.

"அக்கா, அந்தக் காலக் குடேன். எந்த யானை பெருசுன்னு பாத்துடலாம்."

"பாரு, பாரு. திருஷ்டி கழிச்சிட்டுப் பாரு" என்று சேலையை முழங்கால் வரை தூக்கினேன். வலது கெண்டைக்காலில் நூலைச் சுற்றி, விரலால் அளவைப் பிடித்தாள். அப்படியே இடது காலுக்குக் கொண்டுபோனாள். நூல் சேரவில்லை. இறுக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் இடைவெளி.

சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மறுபடி வலது காலுக்குப் போட்டாள், மறுபடி இடது. அதே இரண்டு விரல். தோல் சிவந்து, தொட்டால் சுட்டது.

"அக்கா... ஒண்ணுதான்க்கா பருத்துருக்குது" என்றாள், மெதுவாக.

வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. பதினோரு வருடமாக அந்த நூலை நம்பிப் பிழைத்தவர்கள் நாங்கள். சோற்றால் வந்த பருமன் என்றால் இரண்டு காலுக்கும்தானே வர வேண்டும்? அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு வந்துவிட்டார். பின்னால் சாக்கு விரித்து, காலை நீட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். பெண்ணாடத்துக்காரியும் கத்தியைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். நூல் அவள் விரலிலேயே சுற்றியிருந்தது.

வெளியூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே எடை மெஷின். ஏறினேன். முள் கடைசி வரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "முள்ளு பத்தல சார்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தலையை நிமிர்த்தினார்கள். ஒரு குழந்தை கை தட்டியது.

டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் உட்காரும்போது நாற்காலி முனகியதைக் கேட்டு நிமிர்ந்தார், அவ்வளவுதான். "கால் வலி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இவ்ளோ வெயிட்டை அந்தக் காலு எப்படிம்மா தாங்கும்? வாயைக் கட்டணும். முப்பது கிலோ கொறைச்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்."

"சார், இருபத்தஞ்சு நாளா ஒரு வேளை கஞ்சிதான் சார் குடிக்கிறேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க." என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். வலி மாத்திரை எழுதிய சீட்டையும் அதன் மேல் வைத்தார். மணியை அழுத்தினார்.

எங்கள் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். படித்தவர்கள் முன்னால் செருப்பைக்கூட வாசலில் விடுகிற மனிதர். "சரிங்க சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு, "எழுந்திரு, போலாம்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

அந்த நிமிடத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டார். நர்ஸ் தோளைத் தொடுகிறார். எனக்கோ பயம், வலி, அவமானம், எல்லாம் சேர்ந்து ஒரு பிடிவாதமாகத் திரண்டு நின்றது.

"சார், நீங்க என் காலை இன்னும் பாக்கல" என்றேன்.

"அதான் சொன்னேனேம்மா."

"என் ஒடம்பப் பாத்துச் சொன்னீங்க. காலைப் பாத்துச் சொல்லல." பக்கத்தில் நின்ற பெண்ணாடத்துக்காரியிடம், "போடுடி நூல" என்றேன். அவள் கீழே குந்தி, டாக்டர் மேஜைக்கு முன்னாலேயே வலது காலில் நூலைச் சுற்றி அளவெடுத்து, இடது காலில் வைத்துக் காட்டினாள்.

"நாங்க பொம்மைக்காரங்க சார். ரெண்டு யானையும் பருத்தா மண்ணுல கோளாறு. ஒண்ணு மட்டும் பருத்தா அந்த ஒண்ணுலதான் கோளாறு. சோறு துன்னு வந்த காலுன்னா, சோறு என்னா எடது காலுக்கு மட்டும் எறங்குமா?"

டாக்டர் முகம் கடுத்தது. "என்னம்மா, எனக்கே பாடம் நடத்துறீங்களா?"

"பாடம் இல்ல சார், மனு. சரி, இது நானே துன்னு தேடிக்கிட்ட ஒடம்புன்னே வச்சுக்குங்க. ரோட்டுல கண்ணு மண்ணு தெரியாம வண்டி ஓட்டி வுழுந்து வரான், அவனுக்குக் கட்டுப் போடறீங்க. குடிச்சிட்டு வவுத்தப் புடிச்சிக்கிட்டு வரான், அவனுக்கு ஊசி போடறீங்க. நீயே தேடிக்கிட்ட, போயி திருந்திட்டு வான்னு யாரையும் அனுப்பலியே. நான் துன்னுட்டு வந்தேன்னா மட்டும் தொட மாட்டீங்களா? தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க, போயிடறேன். தொடாம இந்த நாற்காலிய வுட்டு எழுந்திரிக்க மாட்டேன். என்னைத் தூக்கி வெளிய வைக்கணும்னா ஆறு பேரு வேணும், ஆளக் கூப்புட்டுக்குங்க."

கதவருகே நின்றவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் அந்த நூலையே பார்த்தார். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து கெண்டைக்காலை அழுத்தினார். நான் அலறினேன். அவர் கையை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அவர் முகத்தில் அதுவரை இருந்தது போய், வேறொன்று வந்தது. "ஸ்கேன் ரூம்ல யாரு இருக்காங்க? ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க. இவங்கள நடக்க விடாதீங்க" என்றார். ஐந்து நாளாக நடந்தவள் நான்.

காலுக்குள் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிர் நிமிடத்தில் போயிருக்கும் என்று ஸ்கேன் எடுத்த அம்மா சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தச் சாப்பாட்டுத் தாள் கசங்கியிருந்தது.

பத்து நாள் ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் அந்த டாக்டரே வந்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த வயதில் உடம்பு போட ஆரம்பித்தது என்று கேட்டார். அதுவரை யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது. பன்னிரண்டு வயதிலிருந்து, அப்பா வழியில் எல்லாரும் இப்படித்தான், ஒரே பானையில் சாப்பிட்ட என் தம்பி மட்டும் ஒல்லி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் ஏறிவிட்டது, எத்தனை முறை குறைத்தாலும் வட்டியோடு திரும்பி வருகிறது என்றெல்லாம் சொன்னேன்.

"இதுவும் ஒரு நோய் மாதிரிதாம்மா" என்றார்.

"நோய் மாதிரியா சார்? நோயின்னு மொதல்லயே நெனச்சிருந்தா அன்னைக்கே கையப் புடிச்சுப் பாத்திருப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சீட்டில் ஏதோ எழுதினார். பிறகு, "உண்மைதான்" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. எனக்கு அது போதும்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ரத்தக்கட்டிக்கு என் உடம்பும் ஒரு காரணம் என்று அவர்கள் சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க எழுந்திருக்காமல் பலகையில் உட்கார்ந்தது ஒரு காரணம். கதவுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தது இன்னொரு காரணம். சிரிப்பவர்கள் வாயை மூட நான் பட்டினி கிடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தும் வயிற்றை மூடினேனே, அந்தப் புத்திகெட்ட வேலை மட்டும் முழுக்க என்னுடையது. ஈஸ்டருக்கு மறுவாரம் பட்டறைக்குத் திரும்பினேன். "பாத்தியா, ஒடம்பாலதான் வந்துச்சு" என்று ஆரம்பித்தவரிடம், "ஆமா. இப்ப தள்ளு, தண்ணி குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு செம்பு நிறையக் குடித்தேன். கழிப்பறைக்கும் போனேன், ஒருக்களித்துத்தான். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போதும் நான் பெருத்தவள்தான். கொஞ்சம் குறைந்தேன், மறுபடி ஏறினேன், மருந்து சாப்பிடுகிறேன், நடக்கிறேன். என்னைப் போன்ற பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயந்தால் துணைக்குப் போகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வந்து அழைத்துப் போனாள். "நீ எதுவும் பேச வேணாம்க்கா, பக்கத்துல ஒக்காந்திரு, போதும்" என்றாள். பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் உட்கார்ந்தேன்.

இந்த உடம்பு நோயா, நானே தேடிக்கொண்டதா என்று யாராவது இன்னமும் என் முன்னால் பஞ்சாயத்து வைக்கிறார்கள். நோய்தான் என்பது என் கட்சி, ஆனால் தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் வலிக்கிறது என்று சொல்கிறவளை முதலில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதை மட்டும், எந்தச் சபையிலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே சொல்லுவேன்.