சட்டையில் வந்த தூள்

சிமெண்ட் ஷீட் கூரை போடுகிறவனை அரை மைல் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தலைமுடியும் புருவமும் மாவு மில்லிலிருந்து வருகிறவனைப்போல வெளுத்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். என்னைப்போல ஷீட்டில் ஏறி இறங்கும் சகோதரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அந்தத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார் இருக்கிறது, அறுக்கும்போது பறந்து நெஞ்சுக்குள் போய்த் தங்குகிறது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழுந்திருக்கலாம் என்பது மட்டும் எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அதைக் கேட்ட இடம் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. படுத்திருந்தது நான் இல்லை, என் மனைவி தங்கம். ஷீட்டை ஒருநாளும் தொட்டவள் இல்லை, என் சட்டைகளைத் துவைத்தவள். அந்தச் சட்டைத் தூளாகத்தான் இருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நோயின் பெயர் தங்கத்துக்குத் தெரியும். அது எந்த வழியாக வந்தது என்பதை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.

பீடிக்கு ஒரு ஓட்டை

சுயம்பு என் கூட்டாளி, பதினைந்து வருஷமாக மெஷின் பிடித்து அறுக்கிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஆளுக்கொன்றாகக் கெட்டியான முகமூடி வாங்கினேன், துண்டு கட்டினால் இந்தத் தூள் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததால். முதல் நாள் ஒழுங்காகப் போட்டான். மறுநாள் பார்த்தால் முகமூடியின் நடுவில் பிளேடால் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் பீடி புகைந்துகொண்டிருக்கிறது.

தூள் ஒரு பங்கு கெடுதல் என்றால் அதோடு புகையும் சேர்ந்தால் பல பங்கு என்று தலையிலடித்துக்கொண்டு சொன்னேன். அவன் நிதானமாகப் புகையை விட்டுவிட்டுச் சொன்னான்: "மூக்கை மூடியாச்சுல்லா, வாயையும் மூடுனா மனுசன் எப்படி வேலை செய்யது வே?"

குளியல்

குழித்துறைப் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர், கார் நிறுத்த ஷெட் போடக் கூப்பிட்டார். இப்போதெல்லாம் நான் மெஷினைத் தொடுவதில்லை. ஷீட்டை நன்றாக நனைத்துக் கைரம்பத்தால் அறுக்கிறேன். தூள் பறக்காமல் சேறாக வழிந்துவிடும், ஆனால் வேலை இழுக்கும். அவர் அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மறுநாள் போனால், வேறு ஆட்கள் மெஷினைப் போட்டு வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். "ஷெட் போடத்தான் கூப்பிட்டேன் அண்ணாச்சி, ஷீட்டைக் குளிப்பாட்டதுக்கு இல்ல," என்றார் அவர்.

கோழிக்கூடு

களியக்காவிளையில் ஒரு வீட்டில் பழைய ஷீட்டைக் கழற்றித் தகரம் போட்டோம். பழையதை நனைத்து, உடைக்காமல் இறக்கி, தார்ப்பாயில் சுற்றி வைத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நல்லதைக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியை உடைத்துத் துவைகல்லைச் சுற்றிப் பரப்ப வேண்டுமாம்.

முழு ஷீட் கூரையில் அசையாமல் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை, உடைத்தால்தான் வினை என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். சாயங்காலம் நான் ஏணியை எடுக்கப் போனபோது தார்ப்பாய் பிரிந்து கிடந்தது. அவர் உடைந்த துண்டுகளுக்கு நடுவே நின்று, தூள் பறக்க விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார்: "இத்தன வருசம் இதுக்க கீழதானே படுத்து எழும்புனோம், ஒண்ணும் வரலியே மக்களே."

துவைகல்

வேலை செய்த இடத்திலேயே குளித்து, உடுப்பை மாற்றி, அழுக்குத் துணியை நனைத்துப் பையில் கட்டிக் கொண்டுவருகிறேன். வீட்டில் நானே தனியாகத் துவைக்கிறேன். முன்பெல்லாம் தங்கம் என் சட்டையைத் தென்னைமரத்தில் நாலு அடி அடித்து, முகத்துக்கு நேரே உதறி, அதன்பிறகுதான் தண்ணீரில் போடுவாள். அந்த வெண்புகைக்குள் அவள் இருமிக்கொண்டு நிற்பதை நான் டீ குடித்தபடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தேன். நெஞ்சில் கோர்த்த நீரை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் துவைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் திட்டுவாள் என்று பயமில்லை, திட்டமாட்டாள் என்றுதான் பயம். அதற்குள் அவளே பேசினாள்.

"நனச்சுப் போட்டா அழுக்கு எளுப்பமா போவுது பாத்தியளா. முன்னமே சொல்லியிருந்தா எனக்கும் உதறுத வேலை மிச்சமாயிருக்கும்லா."

ஊரெல்லாம் ஒழுகாத கூரை போட்டுக் கொடுத்த நான், வேலை செய்த இடத்திலேயே சட்டையைக் கழற்றிப் போடக் கற்றுக்கொள்ள இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.