சூசையம்மாள் அடிக்கச் சொன்ன வரி

1

முதல் நாளே என் வாய் என் மானத்தை வாங்கியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். நான் தலை நிமிராமல் கேட்டேன்: "நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"பாத்தா எப்படித் தெரியுது தம்பி?" என்றார் அவர். ஆபீஸே சிரித்தது.

ஆனால் அதுதான் என் வேலை. எழுபதுகளின் பின்பாதி. காரைக்காலில் ஓர் அலுவலகம். எது என்பது இங்கே வேண்டாம். பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடம் ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். 'உயிர் சர்டிபிகேட்' என்போம். பிரெஞ்சில் இருப்பதை நான் தமிழில் உரக்கப் படிப்பேன். அவர்கள் 'ஆமாம்' என்பார்கள். கையெழுத்து, முத்திரை, அடுத்த ஆள். சொல்தாக்களின் விதவைகளுக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு வரி உண்டு: 'நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.' செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும்.

2

எனக்கு அந்த நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நாள் முழுக்கப் பிரான்ஸ் தபால்தலை ஒட்டிய உறைகளைப் பிரிப்பேன். ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டுவோர் கையெழுத்துப் போடலாம் என்று கெடு வைத்தார்கள். என் அப்பா "போட்டுக்கலாம், என்ன அவசரம்" என்று இருந்துவிட்டார். கெடு முடிந்தது. அவருடைய கூட்டாளிகளின் பிள்ளைகள் பாரிசில். நான் ஜன்னல் வழியாக, பக்கத்து ஊரான பூவத்துக்குப் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மிச்சம் இருந்தது ஒரே வழி: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டுவது. தெரேஸ் என்ற பெண்ணின் வீட்டில் பேசி முடித்தார்கள். பெண் பார்த்த அன்று அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. அவள் அப்பா அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டேன்.

3

அந்த வாரம்தான் சூசையம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். சொல்தா ஒருவரின் விதவை. வருடா வருடம் வந்து, தரையைப் பார்த்தபடி இரண்டு தடவை 'ஆமாங்க' சொல்லிவிட்டுப் போகிறவர். முதல் வரியைப் படித்தேன். "ஆமாங்க." இரண்டாவதைப் படித்தேன். தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அந்த வரிய அடிச்சிடுங்க தம்பி."

"ஏம்மா?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பூவத்துல சைக்கிள் கடை வச்சிருக்காரே ஆரோக்கியம், அவரோட. ரெண்டு மாசம் ஆவுது."

அடுத்த மேசையில் இருந்த செக்‌ஷன் ஆபீசர் காதில் அது விழுந்தது. எழுந்து வந்தார். "ஏம்மா, பாரீசுலேருந்து வந்து யாரு பாக்கப்போறா? சைக்கிள் கடையில என்ன வந்துடும்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க." அவர் கெட்டவர் இல்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். நானும் குரலைத் தாழ்த்தி, "சொல்லிடுங்கம்மா. நான் வேகமாப் படிச்சிடறேன்" என்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சூசையம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒரு வார்த்தைதாங்க. ஆனா வருஷா வருஷம் சொல்லணுமே. அவரு வாசல்ல சைக்கிளப் புடிச்சிகிட்டு நிக்கிறாரு. இங்க நின்னு அவரு எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டு, அதே சைக்கிள்ல பின்னாடி ஏறி எப்படி உக்காருவேன்?"

"பயமா இல்லையாம்மா?"

"இல்லாம? சீக்கிரம் அடிங்க தம்பி, மனசு மாறிடப்போவுது."

ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில் அந்த வரியை அடித்தேன். ஆபீசில் இருந்த அத்தனை பேரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் நின்றவர் என்னவோ கேட்டார். சூசையம்மாள் தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தார். போனார்கள்.

4

எனக்கு வேலை ஓடவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அரசலாற்றுப் பாலத்தில் இங்குமங்கும் நடந்தேன். சாயங்காலம் தெரேஸ் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா உள்ளே இருந்தார். வராண்டாவில் அவளிடம் சொன்னேன்.

"நான் சரின்னது உங்க பாஸ்போர்ட்டுக்காக. உங்களுக்காக இல்ல."

அவள் அதிரவில்லை. "தெரியுங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்களும் அதுக்குத்தான் வந்தாங்க. நீங்க ஏன் வாய்விட்டுச் சொல்றீங்க?"

சூசையம்மாள் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அப்ப இது வேணாம். நான்தான் புடிக்கலன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன். உங்களுக்கு எதுக்கு அசிங்கம்" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டிய நாள் போய்விட்டிருந்தது.

அவள் சொன்னபடியே சொன்னாள். நிச்சயம் நின்றது. "பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்குல்ல, அந்தத் திமிரு" என்று ஊர் பேசியது. என் அம்மா சாப்பாட்டு நேரத்தில் அவளைத் திட்டுவாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். இரண்டு வருடம் கழித்து அவள் குடும்பத்தோடு பிரான்ஸ் போனாள்.

சூசையம்மாளுக்குப் பென்ஷன் நின்றது. ஆரோக்கியத்தின் கடையும் பெரிதாகவில்லை. எண்பதுகளில் சூசையம்மாள் அதே கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கஷ்டம்தான். என்னைக் கண்டால் எண்ணெய்க் கையைத் தூக்கிக் கும்பிடுவார். அவருக்குக் கும்பிடு திருப்பிப் போடும்போதெல்லாம் எனக்கு நிலைகொள்ளாது.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உண்மை சொன்னேன் என்று நானும் பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். சூசையம்மாள் ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார், அதற்கான நஷ்டத்தையும் தானே ஏற்றார். நான் ஒருத்தி காதில் மட்டும் சொல்லிவிட்டு, நஷ்டத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். அதனால் இங்கே எல்லோரும் படிக்க எழுதுகிறேன்: அந்த நிச்சயம் நின்றது என்னால். தெரேஸால் அல்ல.